லாகூர் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது?

மதுரையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. தனியார் நிறுவனத்தில் வேலை, பாஸ்போர்ட் இருக்கிறது, வழக்கு வில்லங்கம் எதுவும் இல்லை. லாகூர் கடாபி ஸ்டேடியத்தில் ஒரே ஓர் ஆட்டமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. 2004-ல் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போய் வந்தார்களே, இப்போது யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டால் விசா எளிதாகுமா, துபாய் வழியாகப் போனால் சிக்கல் குறையுமா, பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை விழுந்தால் பிற்காலத்தில் தொல்லை வருமா என்று நான்கு கேள்விகளை அடுக்கியிருக்கிறார். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. "நான் ஒரு ரசிகன்" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி இந்த எல்லையைக் கடக்க முடியுமா என்பதுதான் அது.

இன்றைய நிலையில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த "முடியாது" எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்தால், நாளைக்குக் கதவு திறக்கும்போது நீங்கள் வரிசையில் முன்னால் நிற்கலாம். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நான் டெல்லியில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் பல வருடங்கள் இருந்தவன். சாணக்யபுரியில் தூதரக வாசல்களில் விண்ணப்பக் கட்டுகளோடு காத்து நின்றதுதான் என் படிப்பு. ஆகவே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அந்தப் பக்கம் ஒரு விண்ணப்பம் யார் யார் மேசைக்குப் போகிறது, ஏன் ஒருவருக்குக் கிடைத்து அவர் தம்பிக்கு மறுக்கப்படுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அடுத்த வாக்கியத்தில் பணம் கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

முதலில் நம் பக்கத்துக் கதவு. இந்தியப் பாஸ்போர்ட்டில் பாகிஸ்தானுக்குப் போகக்கூடாது என்று எழுதப்படவில்லை. ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று நம் பாஸ்போர்ட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த சமயத்தில்தான் அது நீங்கியது. பாகிஸ்தானோடு மூன்று போர்கள் நடந்த பிறகும் அப்படி ஒரு வரி நிரந்தரமாக நிற்கவில்லை. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-ல் தீர்ப்பளித்தது. அதை ஒட்டித்தான் அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே வந்தது. அதனால் "பாகிஸ்தானுக்குப் போக எனக்கு அனுமதி கொடுங்கள்" என்று ஒரு தனியார் ஊழியர் விண்ணப்பிப்பதற்கென்று டெல்லியில் ஓர் அலுவலகம் இல்லை. அரசு ஊழியராக இருந்தால் கதை வேறு. துறையின் ஆட்சேபணையில்லாச் சான்று இல்லாமல் நகரக்கூடாது.

ஆனால் சட்டத்தில் தடை இல்லை என்பதை வைத்துக்கொண்டு வழி திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாளே எல்லையில் நம் பக்கத்து வாசலான அட்டாரி சோதனைச் சாவடியை மூடும் முடிவு வந்தது. பாகிஸ்தானியர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த விசாக்கள் ரத்தாயின. இந்தியர்கள் யாரும் பாகிஸ்தானுக்குப் போக வேண்டாம், அங்கே இருப்பவர்கள் சீக்கிரம் திரும்புங்கள் என்று நம் வெளியுறவு அமைச்சகம் அழுத்தமாகச் சொன்னது. பாகிஸ்தானும் பதிலுக்குத் தன் பக்கத்து வாசலான வாகாவை மூடி, நம் விமானங்களுக்கு வான்வழியையும் மறுத்தது. இரு தூதரகங்களிலும் ஆட்களின் எண்ணிக்கை 30-க்குக் குறைக்கப்பட்டது. முப்பது பேர் இருக்கும் தூதரகத்தில் உங்கள் கிரிக்கெட் ஆசைக்கு ஒரு குமாஸ்தா ஒதுக்கப்படுவார் என்று எதிர்பார்ப்பது வீண். அமைச்சகத்தின் அறிவுரை சட்டப்படி தடை ஆகாதுதான். ஆனாலும் அதை மீறிப் போனால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் கைவிரித்துவிடும், அங்கே ஏதாவது நடந்தால் உதவிக்கு வரும் ஆளும் குறைவு.

தனி ஆளுக்கும் குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குழுவாகப் போகிறவர்களை நம் அரசே நிறுத்த முடியும், நிறுத்தியும் இருக்கிறது. 2024 நவம்பரில் பார்வையற்றோருக்கான டி20 உலகக் கோப்பை பாகிஸ்தானில் நடந்தபோது இந்திய அணிக்கு விளையாட்டு அமைச்சகம் ஆட்சேபணையில்லை என்றது, வெளியுறவு அமைச்சகம் அனுமதி தரவில்லை. அணி விலகியது. 2021 பிப்ரவரியில் பாகிஸ்தானில் நடந்த நங்கானா சாஹிப் படுகொலையின் நூற்றாண்டு நிகழ்வுக்குப் புறப்படத் தயாராக இருந்த சீக்கிய யாத்ரீகர் குழுவை உள்துறை அமைச்சகம் போகவிடவில்லை. இதற்கு எதிர்மாறாக 2020 பிப்ரவரியில் ஒரு கபடிக் கூட்டம் வாகா வழியாக லாகூருக்குப் போய் இந்தியா என்ற பெயரில் ஆடிவிட்டு வந்தது. விளையாட்டு அமைச்சகமும் ஒலிம்பிக் சங்கமும் எங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றன. அவர்கள் கையில் பாகிஸ்தான் விசா இருந்தது, தனித்தனி ஆட்களாகக் கடந்துவிட்டார்கள். அது எல்லை திறந்திருந்த காலம் என்பதால் நடந்தது. இன்று அந்த உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் அமிர்தசரஸுக்கு ரயில் ஏற வேண்டாம்.

அமெரிக்கர்களுக்குக் கியூபா விஷயத்தில் இது தலைகீழ். 2008 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக அமெரிக்கக் கால்பந்து அணி ஹவானாவில் ஆடியது. 1947-க்குப் பிறகு அங்கே அவர்கள் ஆடிய முதல் ஆட்டம் அதுதான். அணிக்கு அமெரிக்க நிதித்துறையின் உரிமம் கிடைத்தது. ரசிகனுக்கு அதில் இடமில்லை. கியூபா அவர்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்த நாடுதான் அங்கே போய்ப் பணம் செலவழிக்காதே என்று சட்டம் போட்டிருந்தது. ஆடுகிறவனுக்கு உரிமம், பார்க்கிறவனுக்கு இல்லை என்ற அந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், நம் கதையிலும் அதுதான் வரும். வட கொரியாவுக்கு இந்தத் தொல்லைகூட இல்லை. 2019 அக்டோபரில் பியோங்யாங்கில் தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தை வெளிநாட்டு ரசிகர், உள்நாட்டு ரசிகர் என்று பேதம் பார்க்காமல், யாருமே இல்லாத மைதானத்தில் நடத்தி முடித்துவிட்டார்கள். நேரடி ஒளிபரப்பும் இல்லை.

இனி எதிர்ப்பக்கத்துக் கதவு, அதாவது விசா. இந்திய பாகிஸ்தான் விசா விவகாரம் உலகின் மற்ற விசாக்களைப் போன்றது அல்ல. இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி நடப்பது அது. முதலில் 1974-ல் ஒன்று, பிறகு 2012 செப்டம்பர் 8 அன்று இஸ்லாமாபாத்தில் நம் வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவும் பாகிஸ்தான் உள்துறை அமைச்சர் ரஹ்மான் மாலிக்கும் கையெழுத்திட்ட புதிய ஒன்று. இந்த விசா நாட்டுக்கு என்று தரப்படுவதில்லை, ஊருக்கு என்று தரப்படுகிறது. லாகூருக்கு வாங்கிய விசாவோடு ராவல்பிண்டியில் நடக்கும் ஆட்டத்துக்குப் போனால் குற்றம். பழைய ஒப்பந்தத்தில் மூன்று ஊர்கள், புதியதில் ஐந்து ஊர்கள் வரை. போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவு செய்ய வேண்டும், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் வயதுக்குக் கிடையாது.

அந்த ஒப்பந்தத்தில் வருகையாளர், வியாபாரி, யாத்ரீகர், குழுச் சுற்றுலா, வழிப்பயணம் என்றெல்லாம் வகைகள் இருக்கின்றன. விளையாட்டு ரசிகர் என்று ஒரு வகை கிடையாது. வருகையாளர் விசாவுக்கு அங்கே உங்களை அழைக்கும் ஒருவர் வேண்டும், அவருடைய அடையாள அட்டை நகலும் கடிதமும் வேண்டும். பஞ்சாபிலோ உத்தரப் பிரதேசத்திலோ இருக்கும் குடும்பங்களுக்கு லாகூரிலும் கராச்சியிலும் சித்தப்பா, மாமா என்று யாராவது இருப்பார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு அது அபூர்வம். கராச்சியில் ஒரு சிறிய தமிழ்ச் சமூகம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் ஆட்டம் பார்க்க அழைப்புக் கடிதம் தரும் அளவுக்கு நம்மில் எத்தனை பேருக்கு அங்கே உறவு இருக்கப்போகிறது? குழுச் சுற்றுலாவுக்கு பத்து முதல் ஐம்பது பேர் வரை சேர்ந்து, அங்கீகரிக்கப்பட்ட பயண நிறுவனம் வழியாகப் போகலாம் என்று காகிதத்தில் இருந்தது. நான் தொழிலில் இருந்தவரை அந்த வழியில் எனக்குப் பெரிய நம்பிக்கை ஏற்பட்டதில்லை. இன்னொன்று, சென்னையிலோ மும்பையிலோ விண்ணப்பிக்க இடமில்லை. மும்பையில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகமும் கராச்சியில் இருந்த நம் துணைத் தூதரகமும் 1994-லேயே மூடப்பட்டுவிட்டன. எல்லாம் டெல்லிதான்.

அப்படியானால் 2004-ல் அத்தனை பேர் எப்படிப் போனார்கள் என்பது நியாயமான கேள்வி. இரண்டு அரசாங்கங்களும் அந்த வசந்த காலத்துக்கு மட்டும் ஒரு புது வகையை உண்டாக்கின. அதுவும் புதிய யோசனை இல்லை. 1955-ன் தொடக்கத்தில் லாகூரில் நடந்த டெஸ்டுக்காக எல்லையைத் திறந்துவிட்டார்கள். பிரிவினை நடந்து எட்டு வருடம்கூட ஆகாத நேரம். ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வாகாவைக் கடந்து போனார்கள், பலர் அன்றைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் அமிர்தசரஸ் திரும்பினார்கள். விட்டுப்போன சொந்த வீட்டை ஒருமுறை பார்த்துவரவே பலர் கிரிக்கெட்டைச் சாக்காகச் சொன்னார்கள் என்பது என் ஊகம். பிறகு 1961-க்கும் 1978-க்கும் நடுவில் இரண்டு நாடுகளும் ஆடவே இல்லை. இரண்டு போர்கள் அந்த இடைவெளியில் இருக்கின்றன. 1989-ல் சச்சின் கராச்சியில் முதல் டெஸ்ட் ஆடிய பயணத்துக்குப் பின், பாகிஸ்தானில் இந்தியாவின் அடுத்த டெஸ்ட் தொடர் 2004-ல்தான்.

2004 ஜனவரியில் வாஜ்பாயும் முஷாரஃபும் இஸ்லாமாபாத்தில் கூட்டறிக்கை வெளியிட்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை தொடங்குகிறது என்று மக்களுக்குக் காட்ட ஏதாவது ஒரு காட்சி தேவைப்பட்டது, கிரிக்கெட் கையில் கிடைத்தது. மக்களவைத் தேர்தல் நெருங்கும் நேரத்தில் அணியை அனுப்பலாமா, தோற்றால் என்ன ஆகும், ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் என்ன ஆகும் என்று டெல்லியில் தயக்கம் இருந்தது. கடைசியில் போகட்டும் என்று முடிவானது. போட்டி டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஆட்டம் நடக்கும் ஊருக்கு விசா என்ற ஏற்பாட்டைப் பாகிஸ்தான் செய்தது. அழைப்புக் கடிதம், உறவினர் என்ற பேச்செல்லாம் அந்தச் சில வாரங்களுக்கு ஓரம் கட்டப்பட்டன.

வெளியிலிருந்து பார்க்கத் திருவிழா போல இருந்த அந்த ஏற்பாட்டுக்குள் எங்களுக்கு இருந்த தலைவலியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதவு மறுபடி திறந்தாலும் இதே தலைவலிதான் இருக்கும். விசாவுக்கு டிக்கெட் காட்ட வேண்டும். டிக்கெட் விற்பனையோ அங்கே, கொஞ்சம்தான் இங்கே. விமானத்தில் இடம் உறுதியாகாமல் விசாவுக்கு விண்ணப்பித்தால் கேள்வி வரும், விசா வராமல் விமானத்துக்குப் பணம் கட்டினால் பணம் போகும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு டெல்லியில் தங்கிக் காத்திருக்கும் செலவு வேறு. ஒரு வாடிக்கையாளர் கராச்சி டிக்கெட்டுக்கு லாகூர் விசா வாங்கிவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். விண்ணப்பத்தில் ஊர் பெயரைத் தன் கையால் எழுதியவர் அவரேதான். திரும்பி வந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஆட்டோக்காரர் பணம் வாங்கவில்லை, கடைக்காரர் டீ கொடுக்காமல் விடவில்லை. கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ என்று முதலில் நினைத்தேன். பத்தாவது ஆளும் அதையே சொன்னபோது நம்பினேன். நம் வேகப்பந்து வீச்சாளர் எல். பாலாஜி அந்தத் தொடரில் பாகிஸ்தான் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார், அவர் சிரித்தாலே கூட்டம் ஆர்ப்பரித்தது என்பதைத் தொலைக்காட்சியில் நாமும் பார்த்தோம்.

அடுத்த வருடம் அதே மரியாதையை இந்தியா திருப்பிச் செலுத்தியது. 2005-ல் மொகாலி டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கான பாகிஸ்தான் ரசிகர்கள் வந்தார்கள், ஹோட்டல் போதாமல் சண்டிகர் வீடுகளில் தங்கினார்கள். அவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. மொத்தத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைதான். ஆனால் பாதுகாப்பு அமைப்புகளின் கோப்பில் அது அழியாமல் உட்கார்ந்துகொண்டது. 2012 டிசம்பரில் பாகிஸ்தான் அணி மறுபடி வந்தபோது, சேப்பாக்கத்தில் தோனி சதம் அடித்தும் நாம் தோற்ற அந்த ஒருநாள் ஆட்டம் உட்பட, ரசிகர் விசாவுக்குப் போட்டி டிக்கெட், திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடத்தின் விவரம் எல்லாம் முன்கூட்டியே காட்டு என்று கேட்டார்கள். நாளைக்குக் கதவு திறந்தாலும் இந்தக் கெடுபிடி குறையாது, கூடத்தான் செய்யும்.

நடுவில் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 2008 ஜூலையில் கராச்சியில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் அஜந்தா மெண்டிஸ் நம்மைச் சுருட்டிய ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் பின் இந்திய ஆண்கள் அணி பாகிஸ்தான் மண்ணில் ஆடவில்லை. அந்த நவம்பரில் மும்பைத் தாக்குதல். 2009 மார்ச் 3 அன்று, நீங்கள் போக ஆசைப்படும் அதே கடாபி ஸ்டேடியத்துக்கு வந்துகொண்டிருந்த இலங்கை அணியின் பஸ்ஸைச் சுட்டார்கள். அதன் பிறகு பல வருடங்கள் எந்தப் பெரிய அணியும் அங்கே போகவில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீர் விவகாரத்தில் இரு நாடுகளுக்கும் இடையே ஓடிய சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் ரயிலும் டெல்லி லாகூர் பஸ்ஸும் நின்றன. 2025 சாம்பியன்ஸ் டிராஃபியைப் பாகிஸ்தான் நடத்தியபோதுகூட இந்தியா துபாயில்தான் ஆடியது, இறுதி ஆட்டமே துபாய்க்குப் போனது. அந்த ஆகஸ்டில் நம் விளையாட்டு அமைச்சகம் தன் கொள்கையை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பாகிஸ்தானோடு இருதரப்பு ஆட்டங்கள் எந்த விளையாட்டிலும் இல்லை, பல நாடுகள் கலந்துகொள்ளும் போட்டிகளில் மட்டும் ஆடலாம்.

இதற்கு நடுவிலும் 2024 பிப்ரவரியில் நம் டேவிஸ் கோப்பை டென்னிஸ் அணி இஸ்லாமாபாத் போய் ஆடிவிட்டு வந்தது, 1964-க்குப் பிறகு முதல்முறையாக. ஆட்டக்காரர்களுக்கு விசா வந்தது. அவர்களுக்குக் கை தட்ட இங்கிருந்து ரசிகர்கள் போகும் ஏற்பாடு இல்லை. ஹவானா கதைதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டிக்கெட் வாங்கி வைத்தால் விசா வருமா? கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. 2018 உலகக் கோப்பைக்கு ரஷ்யா ரசிகர் அடையாள அட்டை கொடுத்தது, அதுவே விசாவுக்கு ஈடு. 2022-ல் கத்தாரில் ஹையா அட்டை அப்படியே. இஸ்ரேலோடு தூதரக உறவே இல்லாத கத்தார், டெல் அவீவிலிருந்து நேரடி விமானங்களில் ரசிகர்கள் வர ஒப்புக்கொண்டது, ஏனென்றால் ஃபிஃபா அதைப் பேசி முடித்திருந்தது. கிரிக்கெட்டில் அந்த அளவுக்குக் கைமுறுக்கும் பலம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசிக்கு இல்லை, இருந்தாலும் இந்தியாவிடம் காட்டுமா என்பது எனக்குச் சந்தேகம். இந்தியாவில் நடக்கும் உலகக் கோப்பைகளுக்கு ஆட்டக்காரர், பத்திரிகையாளர், ரசிகர் மூவருக்கும் விசா உறுதி வேண்டும் என்று பாகிஸ்தான் வாரியம் 2021-லேயே கேட்டது. 2023-ல் நடந்தது என்ன? அணிக்கே விசா புறப்படும் நாளுக்கு முன்புதான் வந்து சேர்ந்தது. அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்கார்ந்திருந்த அரங்கில் பாகிஸ்தானிலிருந்து வந்த ரசிகர்களைத் தேடத்தான் வேண்டியிருந்தது. அதே அணி அதே மாதம் சேப்பாக்கத்தில் இரண்டு ஆட்டங்கள் தோற்றபோதும் நிலைமை அதுதான். ஆகவே டிக்கெட் என்பது கதவு திறந்திருக்கும் காலத்தில் தேவைப்படும் ஒரு காகிதம், கதவைத் திறக்கும் சாவி ஆகாது. விசா ஏற்பாடு அறிவிக்கப்படும் முன்பு பணத்தைத் திருப்பித் தராத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

துபாய் வழி பற்றி. விமானம் எந்த ஊர் வழியாகப் போனாலும் லாகூரில் இறங்கும்போது உங்கள் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அதே விசா வேண்டும், அதே ஊர் கட்டுப்பாடு, அதே போலீஸ் பதிவு. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர் அங்குள்ள பாகிஸ்தான் தூதரகத்தில் விண்ணப்பித்தாலும் அவர் இந்தியர் என்ற கணக்கில்தான் பார்க்கப்படுவார். எல்லை மூடியிருக்கும்போது போக்குவரத்துக்கு வேறு வழி என்ற அளவில் மட்டுமே துபாய் பயன்படும், அனுமதிக்கு அது குறுக்கு வழி இல்லை. துபாயில் ஏற்பாடு செய்துதருகிறேன் என்று யாராவது சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். போலி ஆவணத்தோடு பிடிபட ஏற்ற நாடு என்று ஒன்று கிடையாதுதான், ஆனால் இந்தியருக்கு மிக மோசமான நாடு எது என்று உங்களுக்கே தெரியும்.

வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் இதைப் படிக்கக்கூடும். இலங்கை, கனடா, பிரிட்டன் குடிமக்களுக்கு இந்த இருதரப்பு ஒப்பந்தம் பொருந்தாது. அவர்களுக்கு அது சாதாரண விசா விஷயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியாவில் பிறந்தவராக இருந்தால் அங்கே கூடுதல் சோதனை வரும் என்று எதிர்பாருங்கள். போய் வந்த பிறகு இந்திய விசா கேட்டால், மூன்று ஆண்டுகளுக்குள் பாகிஸ்தானும் அடங்கிய தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளுக்குப் போனீர்களா என்று படிவம் கேட்கும், உள்ளதை எழுத வேண்டும். பிறந்த ஊரும் பாட்டன் ஊரும் எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு ஆட்டக்காரர்களே சாட்சி. இஸ்லாமாபாத்தில் பிறந்த ஆஸ்திரேலியர் உஸ்மான் கவாஜாவுக்கு 2023-ல் இந்திய விசா தாமதமாகி, அணி புறப்பட்ட பிறகு தனியாக வந்தார். 2024 ஜனவரியில் இங்கிலாந்தின் சோயப் பஷீர் விசாவுக்காக அபுதாபியிலிருந்து லண்டன் திரும்ப வேண்டியிருந்தது, ஹைதராபாத் டெஸ்டும் தவறியது. கிரிக்கெட் வாரியக் கடிதம் இருப்பவர்களுக்கே இந்தக் கதி.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுளும் வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். வருமான வரிக் கணக்கு, வேலைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருங்கள், திரும்பி வருவீர்கள் என்பதற்கு அவைதான் அத்தாட்சி. எது நடந்தால் கதவு திறக்கப்போகிறது என்று பார்க்க வேண்டுமானால் விளையாட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு அரசியல் பக்கத்தைப் படியுங்கள். தூதரகங்களில் ஆட்கள் கூட்டப்படுகிறார்களா, அட்டாரி சாதாரணப் பயணிகளுக்குத் திறக்கிறதா, யாத்ரீகர் குழுக்கள் தடையில்லாமல் போய் வருகின்றனவா? இந்த வரிசையில்தான் இதுவரை இளகியிருக்கிறது, ரசிகர் விசா எப்போதும் கடைசி. 2025 நவம்பரில் குருநானக் ஜெயந்திக்குச் சீக்கிய யாத்ரீகர்களை இரண்டு நாடுகளும் அனுமதித்தன. அதைப் பெரிய அறிகுறி என்று நான் சொல்லமாட்டேன், யாத்ரீகர்களுக்கு 1974-லிருந்தே தனி உடன்பாடு உண்டு. அரசியல் பக்கம் படிக்கப் பொறுமை இல்லையென்றால் கொழும்பு இருக்கிறது. 2023 ஆசியக் கோப்பையில் இரண்டு அணிகளும் பல்லேகலேயிலும் கொழும்பிலும் மோதின, 2026 டி20 உலகக் கோப்பையிலும் பாகிஸ்தானின் ஆட்டங்கள் இலங்கைக்கே ஒதுக்கப்பட்டன. சென்னையிலிருந்து விமானத்தில் டெல்லி போகும் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆகும், பக்கத்து இருக்கையில் ஒரு லாகூர்க்காரர் உட்காரவும் வாய்ப்பு உண்டு. லாகூர் ஸ்டேடியத்துக்கு அது ஈடாகுமா என்றால் ஆகாது, அதை நான் மறுக்கவில்லை.

கடைசியாக முத்திரை. பாகிஸ்தானுக்குப் போய் வந்ததால் மட்டுமே அமெரிக்க விசாவோ ஐரோப்பிய விசாவோ மறுக்கப்படும் என்று எந்த விதியும் இல்லை. முன்பு சென்ற நாடுகளைப் படிவத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்ததுதான் பின்னால் ஆபத்தாகும். அரசு வேலைக்கோ பாதுகாப்புத் தொடர்பான பணிக்கோ போகும் எண்ணம் இருந்தால் சரிபார்ப்பில் கேள்வி வரும், பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். என்றாவது போக வாய்த்தால் போட்டி டிக்கெட்டின் அடிக்கட்டை, அங்கே போலீசில் பதிவு செய்த தாள், தங்கிய இடத்தின் ரசீது மூன்றையும் தூக்கி எறியாதீர்கள். கையில் இந்திய ரூபாய் நோட்டுகளைக் கட்டாகக் கொண்டு போகவும் வேண்டாம். மற்ற நாடுகளுக்குப் போகும்போது 25,000 ரூபாய் வரை எடுத்துச் செல்ல இருக்கும் சலுகை பாகிஸ்தான் பயணிக்குப் பொருந்தாது. செலவுக்கு டாலர் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய ரசீதையும் மேற்சொன்ன மூன்றோடு சேர்த்து வையுங்கள்.